கிரேட்டல் பாட்டு போடாத வியாழக்கிழமை

எங்கள் மலைக் கிராமமான ஹின்டர்லானில் குளிர்காலத்துச் சூரியன் மூன்று மணிக்கெல்லாம் மலைமுகட்டுக்குப் பின்னால் இறங்கிவிடும். அதற்கப்புறம் பனிச்சறுக்குச் சரிவில் யாருக்கும் மனசு ஓடாது. சறுக்குப் பலகைகளைக் கழற்றி வாசலில் பனியில் குத்தி வைத்துவிட்டு, கனத்த பூட்ஸ் தடதடக்க எல்லாரும் ‘முர்மல்’ பாருக்குள் வந்து சேருவார்கள். நான் ஸீட்டா, அங்கே கவுன்ட்டரில் நிற்பவள். காதில் எதுவும் விழாத சத்தத்தில் உதட்டைப் பார்த்தே பீரா ஒயினா என்று கண்டுபிடித்து ஊற்றிக் கொடுப்பதுதான் என் வேலை.

அந்தச் சத்தத்துக்குச் சொந்தக்காரன் காஸ்ஸியன். கோடையில் கூரை வேயப் போவான், பனி விழுந்ததும் எங்கள் பாரில் டிஜே. மூன்று மணிக்கு மேடை ஏறினால் எட்டு மணி வரைக்கும் இறங்கமாட்டான். கையில் எப்போதும் பெரிய பீர் மக் இருக்கும். அதில் இருப்பது தண்ணீர் கலந்த ஆப்பிள் ஜூஸ். விருந்தாளிகள் அவனோடு சேர்ந்து மக்கை மோதி மோதிக் குடிப்பார்கள். அவன் மட்டும் தெளிவாகவே இருப்பான். நாலு படி உயரத்தில் நின்று எல்லாரையும் பார்த்துக்கொண்டிருப்பான். யார் யாரோடு சண்டை போடப்போகிறார்கள், யாருக்கு வாந்தி வரப்போகிறது எல்லாம் அவனுக்கு முன்கூட்டியே தெரியும். கையைத் தூக்கி எனக்குச் சைகை காட்டுவான், நான் வாளியோடு கிளம்புவேன்.

சரியாக ஐந்து மணிக்கு ‘கிரேட்டல்’ பாட்டு. எங்கள் பள்ளத்தாக்கில் அந்தப் பாட்டு தெரியாத ஆள் கிடையாது.

கிரேட்டல், என் தொப்பி எங்கே?
மேலே போட்டேன், காணோமே!

‘காணோமே’ என்கிற இடத்தில் பாரில் இருக்கிற அத்தனை பேரும் தொப்பியையோ கையுறையையோ தலைக்கு மேலே வீசி எறிவார்கள். மறுநாள் காலையில் அவற்றைப் பொறுக்கி ஒரு பெட்டியில் போட்டு வைப்போம். முழுப் பாட்டும் அவ்வளவுதான். கிரேட்டல் தொப்பியைக் கண்டுபிடித்தாளா இல்லையா என்று கடைசிவரைக்கும் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பாட்டுக்கு எங்கள் பாரில் ஒரு ராஜா இருந்தார். பெயர் ப்ரீபன். டென்மார்க்கில் ஜன்னல் கண்ணாடி வியாபாரம். இளவயதில் ஒன்றாக ஹேண்ட்பால் ஆடிய கூட்டாளிகளையும் அவர்கள் பெண்டாட்டிகளையும் ஒரு பேருந்தில் ஏற்றிக்கொண்டு ஒவ்வொரு பிப்ரவரியிலும் வந்துவிடுவார். ஐந்து மணி அடித்ததும் மேஜை மேல் ஏறி நிற்பார். அந்தப் பருத்த உடம்பை அந்த மேஜை எப்படித் தாங்கியதோ. அவர் மனைவி பிர்தெ சுவரோரமாக உட்கார்ந்து அவருடைய மேல்சட்டையை மடியில் வைத்திருப்பாள். பாட்டு முடிந்ததும் குனிந்து மேஜைகளுக்கு அடியில் தவழ்ந்து அவருடைய தொப்பியைத் தேடுவாள். வருஷா வருஷம் இதே காட்சி. நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம் பிப்ரவரியில் பேருந்து வந்து நின்றபோது ப்ரீபன் இறங்கவில்லை. முதலில் இறங்கியவர் ஃப்ளெமிங், அந்தக் குழுவின் பழைய கோல்கீப்பர், கதவில் தலை இடிக்கிற உயரம். அவர் கையில் ப்ரீபனின் சிவப்புப் பனிச்சறுக்கு ஹெல்மெட். அக்டோபரில் தோட்டத்தில் சருகு வாரிக்கொண்டிருந்தபோது மாரடைப்பு என்று சொன்னார். கடைசியாக பிர்தெ இறங்கினாள். நான் கட்டிக்கொண்டேன். “நீயும் வருவேன்னு நான் நெனைக்கல” என்றேன். “எனக்கும் சேர்த்து ஏற்கெனவே பதிவு பண்ணியிருந்தார். இவங்க விடல” என்றாள்.

ஃப்ளெமிங் நேரே முதலாளி லோய்ஸிடம் போனார். இந்த வாரம் முழுக்க, தினமும் ஐந்து மணிக்கு, ப்ரீபனுக்காக கிரேட்டல் பாட்டு. அவர் ஆடிய மேஜை மேல் ஹெல்மெட் இருக்கும். ஒருவரும் அந்த மேஜையில் கை வைக்கக்கூடாது. லோய்ஸ் நெஞ்சில் கை வைத்துச் சம்மதித்தார். ப்ரீபனின் படத்தைப் பெரிதாக அச்சிட்டு கவுன்ட்டருக்கு மேலே மாட்டினார். எல்லாருக்கும் ஒரு சுற்று ஷ்னாப்ஸ் சாராயம் தன் கணக்கில் ஊற்றச் சொன்னார். துக்கத்தில் இருப்பவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்தமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். உண்மையாகவே கண் கலங்கியும் இருந்தது. லோய்ஸுக்கு இரண்டும் சேர்ந்தே வரும்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் அப்படியே நடந்தது. ஃப்ளெமிங் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார். பெரிய பெரிய ஆண்கள் தோளில் கை போட்டு அழுதுகொண்டே பாடினார்கள். அவர்களைத் தெரியாத ஹாலந்துக்காரர்கள்கூடச் சேர்ந்து அழுதார்கள். பிர்தெ சுவரோரம் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் இந்தத் தடவை ஒன்றும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மதியம், பார் திறக்கும் முன்னால், காஸ்ஸியன் தரையில் மண்டியிட்டு ஒயர்களுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். நான் கிளாஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டிவிட்டு பிர்தெ உள்ளே வந்தாள்.

“நீங்கதானே பாட்டு போடறவர்?”

“நீங்கன்னு கூப்பிட்டா பின்னால எங்கப்பா நிக்கறாரான்னு திரும்பிப் பார்ப்பேன்” என்றான் காஸ்ஸியன். “காஸ்ஸியன்னு கூப்பிடு. இந்த மலையில எல்லாருக்கும் எல்லாரும் ‘நீ’தான்.”

“சரி, காஸ்ஸியன். அந்தப் பாட்டைப் பத்திப் பேசணும்.”

“கிரேட்டலா? நேத்து ஊரே அழுதுச்சு.”

“நான் அழல. அதைக் கவனிச்சியா?”

அவன் எழுந்து ஸ்பீக்கர் மேல் உட்கார்ந்தான். “கவனிச்சேன். துக்கத்துல இறுகிப்போயிட்டேன்னு நெனச்சேன்.”

“பல்லைக் கடிச்சிட்டு இருந்தேன்” என்றாள். “நான் பள்ளிக்கூடத்துல ஜெர்மன் சொல்லிக்குடுத்தவ. எங்க கூட்டத்துல அந்தப் பாட்டு முழுசாப் புரியற ஒரே ஆள் நான்தான். அது எப்பேர்ப்பட்ட தண்டனைன்னு யோசிச்சுப் பாரு.”

காஸ்ஸியன் வாய்விட்டுச் சிரித்தான். அவளும் கொஞ்சம் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு போய்விட்டது.

“முதல் வருஷமே அவர்கிட்ட சொன்னேன், எனக்குத் தாங்க முடியலன்னு. ‘அஞ்சே நிமிஷம்தானே, பிர்தெ’ன்னார். ஒவ்வொரு வருஷமும் அதே பதில். நல்ல மனுஷன்ப்பா. எனக்கு அவரைப் பிடிக்கும். அந்தப் பாட்டைத்தான் பிடிக்காது. இப்ப அவர் போயிட்டார், பாட்டு மட்டும் தினமும் வருது.”

“ஃப்ளெமிங்கிட்ட சொல்லலாமே?”

“எப்படிச் சொல்றது? அவ்வளவு பெரிய ஆம்பளைங்க குழந்தை மாதிரி அழறாங்க. அவங்களுக்கு அது வேண்டியிருக்கு. நான் ஒரு நாள்தான் கேக்கறேன். வியாழக்கிழமை எங்க கல்யாண நாள். அன்னைக்கு மட்டும் வேண்டாம்.”

காஸ்ஸியன் கையில் இருந்த டேப்பைச் சுற்றிக்கொண்டே இருந்தான். “நான் பார்த்துக்கறேன்” என்றான் கடைசியில்.

அவள் போனதும் நான் கேட்டேன், “எப்படிப் பார்த்துப்ப?”

“தெரியல. அந்தம்மா அவ்வளவு தூரம் நடந்து வந்து கேட்டா, வேற என்ன சொல்ல?”

புதன்கிழமை அவன் லோய்ஸிடம் பேசினான். பேசாமலே இருந்திருக்கலாம்.

“டேய், அவங்க ஒரு வாரத்துக்கு இந்தப் பாதி பாரை எடுத்திருக்காங்க” என்றார் லோய்ஸ். “அவங்க கேக்கறதைப் போடறதுக்குத்தான் உன்னை அங்க ஏத்தி வெச்சிருக்கேன்.”

“ஒரே ஒரு நாள், லோய்ஸ்.”

“அந்தம்மா சோகத்துல ஏதோ சொல்லியிருப்பா. இது பார், துக்க வீடு இல்ல.”

“அதையேதான் அவளும் சொல்றா.”

லோய்ஸ் காது கேட்காதவர் போல உள்ளே போய்விட்டார்.

வியாழன் அன்று வெளியே நல்ல பனிப்பொழிவு. சரிவில் எதிரே நிற்பவர் தெரியாததால் கூட்டம் இரண்டு மணிக்கே வந்து நிறைந்துவிட்டது. உள்ளே ஈரக் கம்பளியும் பீரும் சேர்ந்த வாடை. ஹெல்மெட் அதன் மேஜையில் இருந்தது. காலில் கட்டுப் போட்டிருந்த ஹென்னிங் என்கிற டேனிஷ்காரர் கவுன்ட்டரில் என் எதிரே உட்கார்ந்திருந்தார். திங்கட்கிழமை விழுந்தவர், அன்றிலிருந்து ஊன்றுகோலோடு என்னிடமே தஞ்சம்.

ஐந்து மணி ஆனது. காஸ்ஸியன் வேறு ஏதோ பாட்டைப் போட்டான். டேனிஷ்காரர்கள் சிரித்தார்கள், ஏதோ விளையாட்டு காட்டுகிறான் என்று. இரண்டாவது பாட்டும் வேறாக வந்ததும் மேஜையைத் தட்ட ஆரம்பித்தார்கள். “கிரேட்டல்! கிரேட்டல்!” ஹாலந்துக்காரர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஃப்ளெமிங் நாலு படியையும் ஒரே எட்டில் ஏறி மேடைக்குப் போனார்.

“என்னப்பா ஆச்சு?”

“அந்தப் பாட்டு அழிஞ்சு போச்சு” என்றான் காஸ்ஸியன். பொய் சொல்லத் தெரியாதவன். காதெல்லாம் சிவந்துவிட்டது.

“அவ்வளவுதானே? என் போன்ல இருக்கு” என்று ஃப்ளெமிங் எடுத்து நீட்டினார்.

“ஒயர் சேராது.”

“ஒயர் எதுக்கு இந்தக் காலத்துல?”

அதற்குள் லோய்ஸும் மேடையில் ஏறிவிட்டார். மூன்று பேருக்கு அங்கே இடமே இல்லை. லோய்ஸ் ஒரு பொத்தானை அழுத்தக் கை நீட்டினார், காஸ்ஸியன் தட்டிவிட்டான். மறுபடி நீட்டினார். காஸ்ஸியன் குனிந்து சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கிவிட்டான்.

முர்மல் பார் திறந்திருக்கிற நேரத்தில் அப்படி ஒரு நிசப்தத்தை நான் கேட்டதே கிடையாது. பூட்ஸ்களிலிருந்து பனி உருகிச் சொட்டுவது கேட்டது. என் குளிர்பெட்டி இப்படி உறுமும் என்று அன்றைக்குத்தான் தெரியும்.

ஆனால் அதனால் ஒன்றும் நின்றுவிடவில்லை. டேனிஷ்காரர்களில் யாரோ ஒருவர் அடிக்குரலில் ஆரம்பித்தார். அப்புறம் மொத்தக் கூட்டமும். டிஜேயும் வேண்டாம், ஸ்பீக்கரும் வேண்டாம்; காலால் தரையில் தாளம் போட்டு முழுப் பாட்டையும் அவர்களே பாடினார்கள். ‘காணோமே’ என்றதும் தொப்பிகள் பறந்தன. காஸ்ஸியன் கையில் பிளக்கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அப்போதுதான் பிர்தெ எழுந்தாள். தொப்பிகளை மிதிக்காமல் ஒதுங்கி ஒதுங்கி நடந்து மேடைக்குப் போனாள். ஃப்ளெமிங்கையும் லோய்ஸையும் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிக் கை காட்டினாள். மைக் வேலை செய்யவில்லை. தேவையும் படவில்லை, வகுப்பறைக் குரல் அவளுக்கு. டேனிஷில் பேசினாள். ஹென்னிங் மெதுவாக எனக்கு இங்கிலீஷில் மாற்றிச் சொன்னார்.

“இந்தப் பாட்டு அவளுக்குப் பிடிக்காதாம்… முதல் வருஷத்துல இருந்தே பிடிக்காதாம்… ப்ரீபனுக்கு அது தெரியுமாம்.” அப்புறம் ஹென்னிங் அவள் வார்த்தைகளையே அப்படியே சொல்லத் தொடங்கினார். “நீங்க எல்லாரும் அவரை மேஜை மேல நிக்கறவராப் பார்த்திருக்கீங்க. நான் அவர் கூட வாழ்ந்தவ… இன்னைக்கு எங்க கல்யாண நாள்… அவர் என்கிட்ட கேட்டு வாங்கின அஞ்சு நிமிஷத்தை எனக்குத் திருப்பிக் குடுங்க. இந்தப் பையன் மேல கோபப்படாதீங்க, நான்தான் கேட்டேன்.”

ஃப்ளெமிங் தலையைத் தொங்கப்போட்டு நின்றார். “ஏன் எங்கிட்ட சொல்லல?” என்று கேட்டாராம்.

“உங்கிட்ட சொன்னா நீ பாட்டை நிறுத்தியிருப்ப. அப்புறம் வாரம் பூரா என்னைப் பார்த்துப் பயந்துட்டு உட்கார்ந்திருப்ப.”

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள், யாரோ சிரித்தார்கள். ஃப்ளெமிங் அரைகுறை ஜெர்மனில் காஸ்ஸியனைப் பார்த்துச் சொன்னார், “அவளுக்கு என்ன வேணுமோ அதைப் போடு.”

பிர்தெ கையை விரித்தாள். “எனக்கே தெரியல. இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல. காஸ்ஸியன், நீ வீட்டுக்குப் போனா என்ன பாட்டு கேப்ப?”

“வீட்டுலயா?” காஸ்ஸியன் திகைத்தான். “ஒண்ணும் கேக்கமாட்டேன். எங்கம்மா ரேடியோ போட்டாக்கூட நிறுத்திடுவேன்.”

“அப்ப அதையே போடு.”

அவன் பிளக்கைக் கீழே வைத்தான்.

ஐந்து நிமிஷம் என்றுதான் ஆரம்பித்தது. முதலில் எல்லாருக்கும் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஹாலந்துக்காரர்களில் பாதிப் பேர் சத்தம் கேட்கிற எதிர் பாருக்குக் கிளம்பிவிட்டார்கள். லோய்ஸ் அவர்கள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். பிர்தெ இறங்கி வந்து ஹெல்மெட் இருந்த மேஜையில் உட்கார்ந்தாள். ஃப்ளெமிங் தயங்கித் தயங்கி எதிரே உட்கார்ந்தார். “அவர் போன அன்னைக்கு என்னதான் நடந்துச்சு, பிர்தெ?” என்று கேட்டார். ஹென்னிங் மாற்றிச் சொல்வதை நிறுத்திவிட்டு ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டார். மற்றவர்களும் சுற்றி நெருங்கினார்கள்.

அவள் என்ன சொன்னாள் என்று ஹென்னிங் பிற்பாடு எனக்குச் சொன்னார். காப்பி போட்டுவிட்டு, தோட்டத்தில் இருந்தவரை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டிருக்கிறாள். பதில் இல்லை. பாதி வேலையில் கூப்பிட்டால் அவர் வரமாட்டார், அது வழக்கம்தான். வீம்புக்காரன், ஆறிப்போன காப்பியே குடிக்கட்டும் என்று தன் காப்பியை முழுசாகக் குடித்து, கோப்பையைக் கழுவியும் வைத்துவிட்டாள். அப்புறம்தான் வெளியே போயிருக்கிறாள். அந்தக் காப்பியைப் பற்றி அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சவ அடக்கத்தில் எல்லாரும் ப்ரீபனைப் பற்றி நல்ல நல்ல கதைகளாகச் சொன்னார்களாம். நடுவில் புகுந்து சொல்ல இடமே இல்லையாம்.

கவுன்ட்டரிலிருந்து எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: அவள் பேசி முடித்ததும் ஃப்ளெமிங் தன் பெரிய கையை அவள் கை மேல் வைத்தார், அவள் அழுதாள். மற்றவர்கள் அழவில்லை. அந்த வாரத்தில் முதல் தடவையாக அவள் அழுதாள், அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அரை மணி நேரத்துக்கு மேலே ஆகிவிட்டது. அதற்குள் அங்கங்கே பேச்சு ஆரம்பித்திருந்தது. எனக்கு ஒவ்வொருவரும் கேட்பது காதில் விழுந்தது. ஒருத்தர் சூப் இருக்கிறதா என்று கேட்டார். எங்களிடம் சூப் இருக்கிறது என்பதே அதுவரைக்கும் யாருக்கும் தெரியாது.

கடைசியில் பிர்தெ மூக்கைத் துடைத்துக்கொண்டு மேடையைப் பார்த்தாள். “போதும். ஏதாவது போடு. தொப்பி மட்டும் வேண்டாம்.”

காஸ்ஸியன் பிளக்கைச் செருகினான். அவன் போட்டது எங்கள் ஊர் தீயணைப்புப் படை விழாவில் ஊர் வாத்தியக் குழு வாசித்த ஒரு வால்ட்ஸ் நடன இசை. அவனுடைய போனில் இருந்த பதிவு. டிராம்போன் குழல் ஒரு இடத்தில் பரிதாபமாகப் பிசகும். அதை வாசித்தவன் காஸ்ஸியனே. ஃப்ளெமிங் எழுந்து பிர்தெயின் முன்னால் குனிந்தார். இரண்டு பேரும் பூட்ஸோடு, யானைகள் போல, ஆனால் தாளம் தப்பாமல் ஆடினார்கள். டிராம்போன் பிசகிய இடத்தில் அவள் தலையைத் தூக்கி மேடையைப் பார்த்தாள். காஸ்ஸியன் தன் நெஞ்சில் கை வைத்து, நான்தான் என்று ஒப்புக்கொண்டான்.

அன்றைக்கு மூடும்போது லோய்ஸ் அவனை உண்டு இல்லை என்று ஆக்கிவிட்டார். “என் பார்ல என் பிளக்கைப் பிடுங்கறதுக்கு நீ யாருடா? நாளைக்கு எதிர் பார்ல போய் நில்லு, அவன் பிளக்கைப் பிடுங்கு.” காஸ்ஸியன் எதிர்த்துப் பேசவில்லை. ஒயர்களைச் சுருட்டிவிட்டு, “நாளைக்கு மூணு மணிக்கு வரட்டுமா வேண்டாமா? அதை மட்டும் சொல்லு” என்றான். லோய்ஸ் மூச்சு வாங்கினார். “ரெண்டரைக்கு வா. அந்த இடதுபக்க ஸ்பீக்கர் கரகரங்குது” என்றார்.

வெள்ளிக்கிழமை காலையில் பிர்தெயே ஃப்ளெமிங்கிடம் சொல்லி அனுப்பிவிட்டாள்: இன்றைக்கு நீங்கள் பாடிக்கொள்ளுங்கள், ஐந்து மணிக்கு நான் ஆற்றங்கரையில் நடக்கப் போகிறேன். பாடினார்கள். நன்றாகத்தான் பாடினார்கள். ஆனால் ஒரு தடவையோடு நிறுத்திவிட்டு, அவளைத் தேடிக்கொண்டு நாலைந்து பேர் ஆற்றங்கரைக்குப் போய்விட்டார்கள்.

மறு வருஷம் பிப்ரவரியில் பேருந்து வந்தது. பிர்தெ அதில் வரவில்லை. அவள் மார்ச்சில் தன் தங்கையோடு ரயிலில் வந்தாள், பனி உருகத் தொடங்கி, கூட்டம் குறைந்து, எங்களுக்கும் கொஞ்சம் மூச்சுவிட நேரம் கிடைக்கிற சமயம். மதியத்தில் முர்மல் வாசலில் நாற்காலி போட்டுக் கொடுத்தேன். காஸ்ஸியன் வேலைக்கு முன்னால் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். தோட்டத்தில் உருளைக்கிழங்கு போடப்போவதாகச் சொன்னாள். போன கோடை பூரா ஃப்ளெமிங் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து கேட்காமலே புல் வெட்டினாராம், அதுவும் கோணல்மாணலாக. அக்காளும் தங்கையும் தட்டு நிறைய ஆப்பிள் பணியாரம் சாப்பிட்டார்கள். தங்கை கடைக்குப் போய்விட்டாள். பேசிக்கொண்டிருக்கும்போதே பிர்தெ முகத்தில் வெயில் படப் படக் கண்ணை மூடிவிட்டாள். காஸ்ஸியன் எழுந்து போய் உள்ளேயிருந்து ஒரு போர்வை கொண்டுவந்து காலில் போர்த்தினான். ரயில் நிலையத்துக்குப் போகிற பேருந்துக்கு நேரமாகும்வரை அவளை எழுப்பவில்லை.